கடல்மீனுக்கு நோயா? மருந்துக்கு முன்னால் மூச்சைப் பாருங்கள்

வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் கடல்மீனின் படத்தை அனுப்பி "என்ன மருந்து ஊற்றட்டும்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, அது எப்படி மூச்சு விடுகிறது என்பதைத்தான். படத்தில் மூச்சு தெரியாது. ஒரு நிமிட வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்பேன். தோலில் இருக்கும் புள்ளி கண்ணை உறுத்தும். ஆனால் கடல்மீனைச் சாகடிப்பது பெரும்பாலும் செவுளுக்குள் நடக்கும் சேதம். செவுள் மூடி படபடவென்று அடித்துக்கொண்டால் உடனே இறங்க வேண்டும். நிதானமாக மூச்சு விட்டு, தீனியைக் கண்டதும் ஓடி வருகிற மீன் என்றால், உடம்பில் புள்ளி இருந்தாலும் யோசிக்க அவகாசம் உண்டு.

அதற்கும் முன்னால் தண்ணீர். எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்தால் நோயைத் தேடாதீர்கள். அம்மோனியா ஏறியிருக்கும், அல்லது ராத்திரி பம்ப் நின்று ஆக்ஸிஜன் குறைந்திருக்கும். அம்மோனியா பூஜ்யமா, ஒப்படர்த்தி (தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் எண்) 1.025 பக்கத்தில் நிற்கிறதா, பிஎச் 8.1 முதல் 8.4-க்குள் இருக்கிறதா, சூடு 25, 26 டிகிரியா என்று பார்த்துவிடுங்கள். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை அதற்கென்று விற்கும் அளவுத் திரவத்தை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். ஒரே ஒரு மீனுக்கு மட்டும் துடுப்பு கிழிந்திருந்தால் பக்கத்து மீனின் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள். பாதி "நோய்" அடிதடிதான்.

தண்ணீர் சரியாக இருந்தால் தொட்டிக்கு எதிரே சற்றுத் தள்ளி உட்காருங்கள். தீனி போடும் ஆள் கிட்டே வந்தாலே மீன் சுறுசுறுப்பாகிவிடும், அப்போது எதுவும் பிடிபடாது. அப்புறம் விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள்.

உப்புக்கல் அளவில், எண்ணிவிடலாம் போலத் தனித்தனியாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது கடல் இக், அதாவது கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. இது ஏமாற்றுக்காரப் பயல். மீன்மேல் மூன்று முதல் ஏழு நாள் இருந்து தின்றுவிட்டு உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் கூடு கட்டிக்கொள்ளும். புள்ளி மறைந்ததும் ஆள் சந்தோஷப்படுவார். தீனியில் பூண்டுச் சாறு கலந்தவர் பூண்டு கேட்டது என்பார், ஒட்டுண்ணியைத் தின்னும் என்று இறால் வாங்கிவிட்டவர் இறால் தின்றுவிட்டது என்பார். ஆனால் கூட்டுக்குள் அந்த ஒட்டுண்ணி ஒன்று பலவாகப் பிரிந்துகொண்டிருக்கும். பெரும்பாலான கூடுகள் நான்கு வாரத்துக்குள் வெடிக்கும். சில 72 நாள் வரை தாங்கியதாகவும் பதிவு உண்டு. வெளியே வரும் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். இரண்டாவது முறை வருகிற புள்ளிகள் முதல் தடவையைவிட அதிகமாக இருப்பது இதனால்தான்.

மாவு தூவினாற்போல மிக நுண்ணிய பூச்சு தெரிந்தால் அது வெல்வெட், அதாவது அமிலூடினியம் என்ற ஒட்டுண்ணி. பூச்சு கண்ணில் படுவதற்கு முன்பே செவுள் பாழாகத் தொடங்கியிருக்கும். மீன் வெளிச்சத்தைக் கண்டு ஒளிந்துகொள்ளும், பம்ப் நீரோட்டத்துக்கு நேராக முகத்தைக் கொடுத்து நிற்கும், தீனியைத் தொடாது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நான் புள்ளிக்காகக் காத்திருக்க மாட்டேன். ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்யக்கூடிய நோய் இது.

கோமாளி மீன் உடம்பில் சளி திட்டுத் திட்டாகத் தொங்கி, தோல் உரிவது போல இருந்தால் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி. இதற்குக் காப்பர் (செம்பு கலந்த மருந்து) கேட்காது; ஃபார்மலின் குளியல்தான். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, ஏர் ஸ்டோனை (காற்றுக் குமிழி விடும் கல்) வேகமாக ஓடவிட்டுச் செய்யுங்கள். ஃபார்மலின் தண்ணீரிலிருக்கும் ஆக்ஸிஜனைக் குறைக்கும். புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்தப் புட்டியைத் தொடவே வேண்டாம், அந்தப் படிவு மீனுக்கு இன்னும் பெரிய விஷம்.

கண் மங்கி, பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் தட்டைப்புழுவாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க நன்னீர்க் குளியல் நல்ல வழி. குளோரின் நீக்கிய நல்ல தண்ணீரைத் தொட்டியின் அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, சமையல் சோடாவால் பிஎச்சைச் சமமாக்கி, காற்று விட்டு, கருப்புப் பாத்திரத்தில் மீனை ஐந்து நிமிடம் வையுங்கள். புழு இருந்தால் வெள்ளையாகி உதிர்ந்து அடியில் கிடக்கும். மருந்து பிராசிகுவாண்டெல். அது முட்டையைக் கொல்லாது, எனவே ஒரு வாரம் போல விட்டு மறுபடி போட வேண்டும். இதே குளியல் வெல்வெட் வந்த மீனுக்கும் கொஞ்சம் மூச்சு வாங்க வழி கொடுக்கும், ஆனால் குணமாக்காது.

துடுப்பில் காலிஃப்ளவர் மாதிரி முண்டு முளைத்தால் லிம்ஃபோசிஸ்டிஸ், வைரஸ். ஒன்றும் ஊற்றாதீர்கள், நல்ல தண்ணீரும் தீனியும் கிடைத்தால் தானே போகும். ஒரு கண் மட்டும் வீங்கியிருந்தால் பெரும்பாலும் எங்கேயோ இடித்துக்கொண்டிருக்கும், பொறுத்துப் பாருங்கள்.

சரி, சிகிச்சை. பவளமும் இறாலும் லைவ் ராக்கும் (உயிர்கள் குடியிருக்கும் கடல் கல்) இருக்கும் தொட்டியில் மருந்து ஊற்றக் கூடாது. காப்பர் முதுகெலும்பில்லாத எல்லாவற்றையும் கொன்றுவிடும். மணலும் கல்லும் அதை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிற்காது. தனியாக ஒரு வெறும் கண்ணாடித் தொட்டி, ஹீட்டர், ஏர் ஸ்டோன், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் போதும். முக்கியமானது ஸ்பாஞ்ச் ஃபில்டர். மீன் நன்றாக இருக்கும்போதே ஒரு ஸ்பாஞ்சைச் சம்ப்பில் (பெரிய தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) போட்டு வையுங்கள், அதில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியேறியிருக்கும். சிகிச்சைத் தொட்டியில் சாகும் மீன்களில் பல நோயால் இல்லை, அம்மோனியாவால்தான் சாகின்றன என்பது என் அபிப்பிராயம். தினமும் சோதியுங்கள், தினமும் தண்ணீர் மாற்றத் தயாராக இருங்கள். மாற்றுகிற தண்ணீரிலும் அதே அளவு மருந்து இருக்க வேண்டும்.

இக், வெல்வெட் இரண்டுக்கும் காப்பர்தான் என் முதல் தேர்வு. ஆனால் காப்பரில் வகை உண்டு. கீலேட் செய்த காப்பரை (வேறொரு பொருளோடு கட்டி வைத்தது) லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் வரை வைப்பார்கள்; அயனிக் காப்பர் (அப்படிக் கட்டாதது) என்றால் 0.15 முதல் 0.2 தான். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். புட்டியில் எந்த வகை என்று படித்துவிட்டு, அந்த வகைக்கே உரிய சோதனைக் கிட்டை வாங்குங்கள். இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றி, 30 நாள் இறங்கவிடாமல் பிடியுங்கள். ஒரு நாள் அளவு குறைந்தால் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஃபில்டரில் கரி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அது காப்பரைப் பிடித்துக்கொள்ளும். அம்மோனியாவைக் கட்டும் திரவங்களைக் காப்பரோடு சேர்க்காதீர்கள். சில வகைக் காப்பரை அவை கொடிய விஷமாக்கிவிடும். சந்தேகத்துக்கு ரெண்டு மருந்து சேர்த்து ஊற்றுவதும் கூடாது, எது கேட்டது, எது கொன்றது என்று தெரியாது.

இக் மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒப்படர்த்தியை 1.009-க்கு இறக்கி நான்கு வாரம் வைப்பது மருந்தில்லாத வழி. 1.011-இல் நின்றால் பயன் இல்லை. வெல்வெட்டுக்கு இது வேலை செய்யாது. முடித்துத் திரும்ப ஏற்றும்போது அவசரப்படாமல் பல நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் பெரிய தொட்டியில் ஒரு மீன்கூட இருக்கக் கூடாது. ஒளிந்துகொண்டிருக்கும் குட்டிக் கோபி மீன் ஒன்று போதும், ஒட்டுண்ணி அதில் தொங்கிக்கொண்டு வாழும். கூடு 72 நாள் வரை தாங்கலாம் என்பதால் 76 நாள் மீனில்லாமல் விடுங்கள். பவளமும் இறாலும் நண்டும் அங்கேயே இருக்கலாம், அவற்றுக்குக் கொஞ்சம் தீனி போடுங்கள். நோயில்லாதது போலத் தெரிகிற மீனையும் சேர்த்தே வெளியே எடுத்தாக வேண்டும். இதில்தான் எல்லோரும் சலுகை கேட்பார்கள். இரண்டு தொட்டிக்கும் வலை, குழாய், வாளி எல்லாம் தனித்தனி. ஒரே வலைதான் இருக்கிறது என்றால் கழுவி, வெயிலில் முழுசாகக் காயவைத்த பிறகே அடுத்த தொட்டியில் விடுங்கள்.