அக்குளில் ஒரு சதுரத் துண்டு

1780களில் ஆங்கிலேயப் பெண்கள் போட்ட மாதிரி ஒரு சீட்டித் துணிச் சட்டை தைத்தேன். சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய பூத்துணிதான் சீட்டி. இங்கிலாந்தில் 1721 சட்டம் அச்சிட்ட பருத்தியை உடுத்தவே தடை போட்டது. 1774இல்தான் அது போனது. அதனால் ஆண்டை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

சட்டை நன்றாக வந்தது. தொல்லை கொடுத்தது உள்ளே போடும் லினன் அங்கி. கையைத் தூக்கினால் அக்குளில் 'டர்ர்'. இரண்டு முறை தைத்தேன், நூலைத் திட்டினேன். மூன்றாம் முறை துணியே கிழிந்தது.

தப்பு என்னுடையதுதான். வெட்டுப்படத்தில் அக்குளுக்கு ஒரு சதுரத் துண்டு இருந்தது. இது எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்தக் காலத்து உள்ளங்கி முழுக்க நீள்சதுரமும் முக்கோணமும்தான், கை வைக்கும் இடத்தில் வளைவே கிடையாது. கை அசைய இடம் தருவதே அந்தச் சதுரம்.

சரி என்று அங்கியின் கைப்பகுதியின் அடித்தையலில் 12 செ.மீ., பக்கத்தையலில் 12 செ.மீ. பிரித்தேன். டைமண்ட் வடிவில் திறந்த இடத்தில், தையலுக்குத் துணி விட்டு வெட்டிய 12 செ.மீ. சதுரத்தை வைத்தேன். முனைகளை மட்டும் மெஷினில் விடாமல் கையால் தைத்தேன். மெஷினில் அங்கே சுருக்கம் விழுகிறது. கிழிந்த ஓரமும் உள்ளே மறைந்துவிட்டது.

இப்போது அதைப் போட்டுக்கொண்டே பரணிலிருந்து பெட்டி எடுக்கிறேன்.