எதிர்ப்பொருளை நம்பும் முன்: ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் ஆய்வகத்துக்குப் புதிய முனைவர் பட்ட மாணவர்கள் வந்து சேரும்போது, எங்கள் தலைமுறையினர் பணத்தையும் காலத்தையும் கொடுத்துக் கற்றுக்கொண்ட அதே தவறுகள் மீண்டும் நிகழ்வதைக் காண்கிறேன். எதிர்ப்பொருள் என்பது ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு; மாதிரியில் அந்தப் புரதத்தைக் கண்டறிய அதைப் பயன்படுத்துகிறோம். குழாயில் பெயர் எழுத மறப்பது, முதல் எதிர்ப்பொருளைப் பற்றி அதைக் காட்டித்தரும் இரண்டாம் எதிர்ப்பொருளைச் சேர்க்காமலே, புரதங்கள் ஒட்டிய மெல்லிய தாளான மெம்பிரேனைக் கழுவிவிடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை அன்று மாலையே தெரிந்துவிடும், மறுநாள் திருத்திக்கொள்ளலாம். செய்யும்போது தவறு என்றே தெரியாமல், ஆய்வேட்டின் பாதியை எழுதி முடித்தபின் வெளிப்படுகிறவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

இன்டென்ட்டில் (கொள்முதல் கோரிக்கைப் படிவத்தில்) புரதத்தின் பெயரை மட்டும் எழுதுவது

அரசு நிதியில் இயங்கும் நிறுவனங்களில், கேட்ட பொருளைக் குறைந்த விலைக்குத் தருபவரிடம், அதாவது எல்-1 எனப்படுபவரிடம் வாங்குவதே கொள்முதல் பிரிவின் விதி. "பி53 எதிர்ப்பொருள், 100 மைக்ரோலிட்டர்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், அந்தப் பெயர் கொண்ட ஏதோ ஒரு குப்பி வந்து சேரும். பி53 என்பது புற்றுக்கட்டிகளை அடக்கும் ஒரு புரதம். டிஓ-1 என்னும் குளோன் (ஒரே செல்லின் வழிவந்த எதிர்ப்பொருள் வகை) மனித பி53-ஐப் பற்றும், சுண்டெலியின் பி53-ஐப் பற்றாது. பிஏபி240 என்னும் குளோன், புரதத்தின் மடிப்பு கலையாத நிலையில், சடுதிமாற்றத்தால் வடிவம் மாறிய பி53-ஐ மட்டும் பற்றும்; வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து மெம்பிரேனில் பட்டைகளாகக் காணும் முறையில்) புரதம் விரிந்துவிடுவதால் இயல்பான பி53-ஐயும் சேர்த்துப் பற்றும். இரண்டுமே பட்டியலில் "பி53 எதிர்ப்பொருள்" என்றுதான் இருக்கும் என்பதால், எதை வாங்கினாலும் ஒன்றே என எண்ணும் மாணவர், சுண்டெலிச் செல்களில் டிஓ-1-ஐப் போட்டுவிட்டுப் பட்டை வரவில்லையே என்று வாரக்கணக்கில் தேடுவார்.

எனவே குளோன், எந்த விலங்கில் உருவானது, எந்த உயிரினத்தின் புரதத்தில் சோதிக்கப்பட்டது, எந்தச் சோதனைக்கு வேண்டும், கேட்டலாக் எண் என்ன என்ற எல்லாவற்றையும் இன்டென்ட்டிலேயே எழுத வேண்டும். மாற்றுப் பொருள் ஏற்க இயலாது என்றால் அதற்கான பிஏசி சான்றிதழையும் (குறிப்பிட்ட நிறுவனத்தின் பொருளே வேண்டும் என்பதற்கான உறுதிச்சான்றையும்) அறிவியல் காரணத்துடன் இணைக்க வேண்டும். ஒரு குப்பிக்கு 30,000, 40,000 ரூபாய் போகிற நிலையில், அரை நாள் எழுத்து வேலைக்குச் சலித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

எதிர்பார்த்த இடத்தில் பட்டை வந்ததும் நிறைவடைவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். குப்பியின் மேல் எழுதியுள்ள பெயர், எந்தப் புரதத்தைக் காட்டி அந்த எதிர்ப்பொருள் உருவாக்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. உங்கள் மாதிரியில் உள்ள ஆயிரக்கணக்கான புரதங்களில் அது உண்மையில் எதைப் பற்றுகிறது என்பதை நீங்கள்தான் கண்டறிய வேண்டும். ஒத்த வடிவமுள்ள வேறொரு புரதம், உங்கள் புரதத்தைவிட நூறு மடங்கு மிகுதியாகச் செல்லில் இருந்தால், எதிர்ப்பொருள் அதனுடன் வலுவின்றிப் பிணைந்தாலும் போதும், தெளிவான கரும்பட்டை கிடைத்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வகத்தில், சிறுநீரகத் திசுத் தழும்பேற்றத்தை ஆராய்ந்த மாணவி ஒருவர், முயலில் உருவான ஒரு பாலிகுளோனல் எதிர்ப்பொருளை (பல வகை எதிர்ப்பொருள்களின் கலவையை) பயன்படுத்தினார். அவர் தேடிய புரதத்தின் கணிக்கப்பட்ட எடை 54 கிலோடால்டன். பட்டையும் அங்கேயே வந்தது. தழும்பேற்றத்தைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா கொடுத்த செல்களில் பட்டை அழகாகத் தடித்தது. இரண்டு இயல்கள் எழுதி, கட்டுரையும் அனுப்பியபின், மதிப்பீட்டாளர் ஒருவர், ஒரு மரபணுவின் ஆர்என்ஏ-வை அழிக்கும் எஸ்ஐஆர்என்ஏ கொண்டு அந்தப் புரதத்தைக் குறைத்துக் காட்டுமாறு கேட்டார். ஆர்என்ஏ அளவு நன்றாகவே குறைந்தது, பட்டையோ அசையவில்லை. அந்த எதிர்ப்பொருள் பிரித்தெடுத்ததை நிறை நிறமாலைமானியில் ஆராய்ந்தபோது கிடைத்தது பெரும்பாலும் விமென்டின் என்னும் செல்சட்டகப் புரதம். டிஜிஎஃப்-பீட்டாவால் செல்கள் இணைப்புத்திசுத் தன்மைக்கு மாறும்போது விமென்டின் பெருகும் என்பது பாடநூலிலேயே உள்ள செய்தி. அதன் எடையும் ஏறத்தாழ 54 கிலோடால்டன்தான். ஐந்தாண்டு உதவித்தொகையில் பெரும்பகுதி அந்தப் பட்டையுடன் போயிற்று. அவரிடம் முதல் மாதத்திலேயே இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லாத மூத்தவர்கள் மீதே எனக்குக் கோபம். 50 முதல் 57 கிலோடால்டன் வரையிலான பகுதியில் டியூபுலின், விமென்டின், பல கெரட்டின்கள், ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருளின் கனச்சங்கிலி எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. அந்த இடத்தில் வரும் ஒற்றைப் பட்டையை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இது ஒரு மாணவிக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டா 1996-இல் அறியப்பட்டது. மார்பகப் புற்றுநோயில் அதன் பங்கு குறித்துக் கட்டுரைகள் குவிந்தன. 2017-இல் சுவீடன் ஆய்வாளர்கள் அந்தப் புரதத்துக்கான 13 எதிர்ப்பொருள்களை முறையாகச் சோதித்தபோது, ஒன்றே ஒன்றுதான் அதைத் தனித்துப் பற்றியது. அதைக் கொண்டு பார்த்தபோது விந்தகத்திலும் சினைப்பையிலும் அந்த ஏற்பி தெரிந்தது. இயல்பான மார்பகத் திசுவிலும் மார்பகப் புற்றுத் திசுவிலும் அது இருப்பதற்கான சான்று கிடைக்கவில்லை. டொரண்டோவில் கணையப் புற்றுநோய்க்கான குறிப்பான் தேடிய ஒரு குழு, கடையில் வாங்கிய எலிசா கிட்டை (எதிர்ப்பொருள் கொண்டு புரதத்தை அளக்கும் தொகுப்பை) நம்பி இரண்டு ஆண்டுகளையும் 5 லட்சம் டாலரையும் செலவிட்டபின், அந்த கிட் சியுஇசட்டி1 என்னும் புரதத்துக்குப் பதிலாக சிஏ125 என்னும் வேறொரு புரதத்தை அளந்துகொண்டிருந்ததைக் கண்டறிந்தது.

"இதே எதிர்ப்பொருளை வைத்து இத்தனை பேர் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்களே" என்பதுதான் மாணவர்கள் தரும் வழக்கமான பதில். 2023-இல் வெளிவந்த வணிக எதிர்ப்பொருள்களைச் சோதிக்கும் ஒய்கேரோஸ் திட்டத்தின் ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. நரம்பியல் தொடர்பான 65 புரதங்களுக்கான 614 வணிக எதிர்ப்பொருள்களை, அந்தந்தப் புரதம் நீக்கப்பட்ட நாக்கவுட் செல்களுடன் ஒப்பிட்டுப் பார்த்ததில், பாதிக்கு மேற்பட்டவை ஏதேனும் ஒரு சோதனையிலாவது தோற்றன. தன் இலக்கை அடையாளம் காணாத எதிர்ப்பொருளைப் பயன்படுத்திய கட்டுரைகள், சராசரியாக ஒரு புரதத்துக்குப் பன்னிரண்டு அளவில் இருந்தன. பலர் பயன்படுத்தினார்கள் என்பது, பலர் சோதிக்கவில்லை என்பதற்கும் சான்றாக இருக்கலாம்.

அப்படியானால் என்ன செய்வது? கிரிஸ்பர் முறையில் அந்த மரபணுவை நீக்கிய செல்லைனை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகையை), மூலச் செல்லைனின் பக்கத்திலேயே ஓட்டிப் பார்ப்பதே மிகத் தெளிவான சோதனை. பட்டை மறைந்தால் அது உங்கள் புரதம். நாக்கவுட் கிடைக்காதபோது, எஸ்ஐஆர்என்ஏ-யால் குறைத்துப் பாருங்கள். அல்லது அந்த மரபணு மிகுதியாக வெளிப்படும் செல்லைன், சற்றும் வெளிப்படாத செல்லைன் இரண்டையும் மனிதப் புரத அட்லஸ் என்னும் தரவுத்தளத்தின் ஆர்என்ஏ தரவிலிருந்து தேர்ந்தெடுத்து ஒப்பிடுங்கள். புரதத்தின் வேறொரு பகுதியைப் பற்றும் இரண்டாவது எதிர்ப்பொருளும் அதே முடிவைத் தருகிறதா என்று பாருங்கள். 2016-இல் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று பரிந்துரைத்த ஐந்து வழிகளில் இவை அடங்கும்.

இரண்டு சோதனைகளை மட்டும் போதுமானவையாகக் கொள்ளாதீர்கள். செல்லில் உங்கள் புரதத்தை மிகையாக உற்பத்தி செய்யவைத்து, பட்டை வருகிறது என்று காட்டுவது முதலாவது. அவ்வளவு மிகுதியாக இருந்தால் வலுவின்றிப் பிணையும் எதிர்ப்பொருளும் அதைப் பற்றும், இயல்பான செல்லில் எதைப் பற்றுகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கும். எதிர்ப்பொருளை உருவாக்கப் பயன்பட்ட பெப்டைடைக் கலந்ததும் பட்டை மறைந்தது என்பது இரண்டாவது. அந்தப் பெப்டைடு எதிர்ப்பொருளின் பிணைப்பிடத்தை அடைத்துவிடுவதால், சரியான பட்டையும் மறையும், தவறான பட்டையும் மறையும். இதை இன்றும் சான்றாகக் காட்டும் விவரத்தாள்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்க முடிவதில்லை.

வெஸ்டர்ன் பிளாட்டில் தேறியது திசு வெட்டிலும் தேறும் என்று எண்ணவும் கூடாது. முன்னதில் புரதம் எஸ்டிஎஸ் என்னும் சவர்க்காரப் பொருளால் விரிக்கப்பட்டிருக்கிறது; பின்னதில் ஃபார்மலினால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியே சோதிக்க வேண்டும்.

ஆய்வின் நடுவே லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறுவதைக் கவனிக்காதது

பாலிகுளோனல் எதிர்ப்பொருள் ஒரு விலங்கின் குருதியிலிருந்து வருவது. அந்த முயல் இறந்தபின் அடுத்த முயலின் எதிர்ப்பொருள் அதே கேட்டலாக் எண்ணில், வேறு லாட் எண்ணுடன் வரும். கோலரும் மில்ஸ்டீனும் 1975-இல் வெளியிட்ட ஹைபிரிடோமா முறை, ஒரே வகை எதிர்ப்பொருளைத் தொடர்ந்து சுரக்கும் செல்களைத் தந்து, இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. ஆனால் 2018-இல் 185 ஹைபிரிடோமாக்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்று கூடுதல் கன அல்லது இலகுச் சங்கிலிகளையும் உற்பத்தி செய்வது தெரியவந்தது. அமினோ அமில வரிசை அறியப்பட்ட ரீகாம்பினன்ட் எதிர்ப்பொருள் (மரபணுவைச் செல்லில் செலுத்தி உற்பத்தி செய்வது) கிடைக்குமானால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், ஆய்வு முடியும்வரை தேவைப்படும் அளவை ஒரே லாட்டில் வாங்கி வையுங்கள். புதிய லாட் வந்தால் பழையதன் கடைசிச் சொட்டுகளை அதனுடன் ஒரே மெம்பிரேனில் ஒப்பிடுங்கள்.

குளிர்ப்பதனத்தை மற்றவரிடம் விட்டுவிடுவது

வெள்ளிக்கிழமை மாலை வரும் பார்சல், வாயில் காவலர் அறையிலேயே திங்கள்வரை இருந்துவிடும். பொங்கல் விடுமுறை என்றால் இன்னும் மோசம். உலர்பனி அதற்குள் ஆவியாகிவிடும். அனுப்புவோரிடம் வாரத் தொடக்கத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியைத் திறக்கும்போது பனி மீதியிருந்ததா என்று எழுதி வையுங்கள்.

மீண்டும் மீண்டும் உறைந்து உருகுவது எதிர்ப்பொருளைத் திரளச் செய்யும். ஆகவே வந்த அன்றே 10 மைக்ரோலிட்டருக்குக் குறையாத பங்குகளாகப் பிரித்து வையுங்கள். பனி படியாத வகை ஃபிரீசர், பனியைக் கரைக்கத் தானாகவே அவ்வப்போது சூடேறும், அதில் வைக்காதீர்கள். 50 விழுக்காடு கிளிசரால் உள்ளவை மைனஸ் 20 டிகிரியில் உறையாமல் இருக்கும், அவற்றை மைனஸ் 80-க்கு மாற்ற வேண்டாம். பிஇ, ஏபிசி போன்ற ஒளிரும் சாயம் இணைத்தவற்றை உறையவைக்கவே கூடாது. 4 டிகிரியில் இருட்டில் வையுங்கள்.

சோடியம் அசைடு

குப்பியில் கிருமி வளராமலிருக்கச் சேர்க்கப்படும் இது, இரண்டாம் எதிர்ப்பொருளில் இணைக்கும் எச்ஆர்பி நொதியை முடக்கும், உயிருள்ள செல்களைக் கொல்லும். சேர்ப்பதற்கு முன் லேபிளைப் படியுங்கள்.

பாஸ்போ எதிர்ப்பொருளுக்குப் பால்பொடி

பாஸ்பேட் ஏறிய புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளுக்கு, மெம்பிரேனின் வெற்றிடங்களை அடைக்கப் பால்பொடி வேண்டாம்: பாலின் கேசீனே ஒரு பாஸ்போபுரதம். மாட்டுக் குருதிப் புரதமான பிஎஸ்ஏ பயன்படுத்துங்கள்.

சுண்டெலித் திசுவில் சுண்டெலி எதிர்ப்பொருள்

இரண்டாம் எதிர்ப்பொருள், திசுவில் ஏற்கெனவே உள்ள ஐஜிஜியையும் பற்றும். முயலில் உருவானதை வாங்குங்கள்.

பிவிடிஎஃப் மெம்பிரேன்

முதலில் மெத்தனாலில் நனைக்க வேண்டும். எப்போதும்.

கட்டுரையில் விவரம் எழுதாதது

"இந்த எதிர்ப்பொருள் வணிக நிறுவனமொன்றிலிருந்து பெறப்பட்டது" என்ற ஒற்றை வரியை வைத்து யாராலும் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்ய இயலாது. கேட்டலாக் எண், குளோன், லாட் எண், நீர்த்த விகிதம், ஆர்ஆர்ஐடி என்னும் ஆய்வுப்பொருள் அடையாள எண் ஆகிய அனைத்தும் முறைகள் பகுதியில் இடம்பெற வேண்டும். நாக்கவுட் ஒப்பீட்டின் முழு மெம்பிரேன் படத்தை, விளிம்புகளை வெட்டாமல், துணை இணைப்பில் சேர்க்க வேண்டும். லாட் எண் கட்டுரை எழுதும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது, குப்பியும் அதற்குள் குப்பைக்குப் போயிருக்கும். ஆதலால் குப்பி வந்த அன்றே லேபிளைப் படமெடுத்து, ஆய்வகக் குறிப்பேட்டில் ஒட்டி, தேதியுடன் கையெழுத்திடுங்கள்.