வேப்பெண்ணெய் உறைந்தால், முகத்தில் எரிந்தால்

குளிர் நாட்களில் வேப்பெண்ணெய் பாட்டிலின் அடியில் வெண்ணெய் போல மஞ்சள் கட்டி படியும். கெட்டுப்போகவில்லை, அதிலுள்ள ஸ்டியரிக், பால்மிட்டிக் கொழுப்புகள் உறைகின்றன, அவ்வளவுதான். மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றினால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணெய்தான் கிடைக்கும். நான் பாட்டிலை மூடியோடு, கை பொறுக்கும் வெந்நீரில் (40 டிகிரி போதும்) கட்டி முழுக்கக் கரையும்வரை நிறுத்தி, நன்றாகக் குலுக்கிவிட்டே அளக்கிறேன். அடுப்பில் நேரடியாக வைக்கவே கூடாது. வேம்பின் முக்கிய வேதிப்பொருளான அசாடிராக்டின் அதிகச் சூடு தாங்காது.

எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் அப்படியே எடுத்துப் பூசுவதுதான். 50 மில்லி நல்லெண்ணெயில் 1 மில்லி வேப்பெண்ணெய், அதாவது சுமார் 2 சதவீதம். முகத்துக்கு இதற்கு மேல் வேண்டவே வேண்டாம். குதிகால் வெடிப்புக்கு 5 மில்லி வரை போகலாம். தண்ணீரிலோ கற்றாழைச் சாற்றிலோ கலந்தால் எண்ணெய் பிரிந்து, திட்டுத்திட்டாக முழு வீரியத்தோடு தோலில் ஒட்டும். அதே எரிச்சல் திரும்ப வரும். முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்த பிறகே முகம். வாடையை மறைக்க வாசனை எண்ணெய் சேர்க்காதீர்கள், அதுவும் தோலை உறுத்தும். இரவில் பூசி அரை மணியில் கழுவிவிடலாம். பாட்டில் குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.