இளைக்கும் பொடி வாங்கும் முன்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் துணி எடுக்கப் போனால், உடம்பு இளைக்கப் பொடி, கேப்சூல் என்று யாராவது நீட்டுவார்கள். ‘மூலிகைதானே, என்ன ஆகப்போகிறது’ என்று வாங்கிவிடாதீர்கள்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்தென்றால் தயாரிப்பு உரிம எண் இருக்கும். உணவுச் சத்துப்பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். இரண்டுமே இல்லையா, விட்டுவிடுங்கள். பத்தே நாளில் பசி சுத்தமாக அடங்கி, நெஞ்சு படபடத்து, தூக்கமும் போனால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். பசியை அடக்கும் சிபுட்ரமின் என்ற மருந்தை இதயத்துக்கு ஆபத்து என்று இந்தியா 2011இல் தடை செய்தது. ‘மூலிகை’ என்று விற்ற இளைப்பு மாத்திரைகளில் அதைத் திருட்டுத்தனமாகக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

இளைக்க என்று விற்கும் குடம்புளி மாத்திரையிலும் கவனம் வேண்டும். காசிமேட்டு மீனைக் குழம்பு வைக்கும்போது இரண்டு சுளை போட்டால் ருசி. அதன் சாற்றைச் செறிவாக்கிய ‘கார்சீனியா’ மாத்திரை வேறு சமாச்சாரம்; அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. எடை குறைவதும் சொற்பம்தான்.

‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்களே, அது எவ்வளவோ தேவலை. இரவு ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு ரசம் வையுங்கள். மந்திரமெல்லாம் இல்லை. புரதமும் நாரும் இருப்பதால் வயிறு நிறைந்து, அடுத்த கரண்டிச் சோறு குறையும், அவ்வளவுதான். பஜ்ஜியோடு குடித்தால் கொள்ளு என்ன செய்யும்!

சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் எந்தப் பொடியையும் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.