குழந்தை ஹார்மோன் ஆய்வுக்கு வரும் மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழாயில் பெயர் ஒட்டாதது, படிவத்தில் கையெழுத்து விடுபட்டது போன்றவற்றை ஆய்வகமே பிடித்துவிடும். குழந்தைகளின் ஹார்மோன், வளர்சிதை மாற்றக் கோளாறுகளை ஆராய வரும் இளம் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற, யார் கண்ணிலும் படாத தவறுகள் வேறு.

வயதைப் பொருத்திவிட்டு, பருவநிலையை விட்டுவிடுவது

உடல் பருமனுள்ள 11 வயதுச் சிறுமிகள் ஒரு குழு. அதே வயதில் சராசரி எடையுள்ளவர்கள் இன்னொரு குழு. வெறும் வயிற்றில் இன்சுலினும் குளுக்கோஸும் அளந்து, முதல் குழுவில் இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரியாகப் பதிலளிக்காத நிலை) அதிகம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் பருமனுள்ள சிறுமிகள் பெரும்பாலும் முன்னதாகவே பருவமடையத் தொடங்குகிறார்கள். பருவ வளர்ச்சியின் நடுக்கட்டத்தில், எந்தக் கோளாறும் இல்லாத குழந்தைக்கே இன்சுலின் உணர்திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். பருவம் முடியும்போது மீளும். அப்படியானால் கண்ட வித்தியாசத்தில் கொழுப்பின் பங்கு எவ்வளவு, பருவத்தின் பங்கு எவ்வளவு? பிரித்துச் சொல்லத் தரவு இருக்காது.

"புள்ளியியலில் வயதைச் சேர்த்துவிட்டோமே" என்பார்கள். பருவ வளர்ச்சியை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் டானர் அளவுகோலில், 11 வயதில் ஒரு சிறுமி முதல் நிலையிலும் மற்றொருத்தி நான்காம் நிலையிலும் இருப்பது இயல்பு. வயது அதைக் காட்டாது. உறையவைத்த சீரத்தை மறுபடி அளக்கலாம், அன்றைய உடலை மறுபடி பரிசோதிக்க முடியாது. தொட்டுப் பார்த்து நிலை சொல்லத் தெரிந்தவர் என்பதால்தான் மருத்துவர் இந்த ஆய்வில் இருக்கிறார். அதையே விட்டுவிட்டு வருவதுதான் பொறுக்க முடியாதது.

இரத்தம் எடுக்கும் அதே நாளில், பெற்றோரும் குழந்தையும் சம்மதித்த பிறகு பரிசோதியுங்கள். சிறுமிகளைப் படுக்கவைத்து மார்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும்; பருமனுள்ள உடலில் கொழுப்பும் சுரப்பித் திசுவும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். சிறுவர்களுக்கு ஆர்க்கிடோமீட்டர் (விரையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மணிகளின் கோவை): விரையின் கன அளவு 4 மி.லி. எட்டினால் பருவம் தொடங்கிவிட்டது. அந்தரங்க ரோம வளர்ச்சியைத் தனியாக எழுதுங்கள். அது அட்ரீனல் சுரப்பியாலும் வரும். இரண்டு பேர் பரிசோதிப்பதானால், இருவர் தரும் நிலைகளும் ஒத்துப்போகின்றனவா என்று ஆய்வு தொடங்குமுன்பே பார்த்துவிடுங்கள்.

மாதிரியைக் காத்திருக்க வைப்பது

இரத்த அணுக்களைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்த இரத்தத்தில் குளுக்கோஸ் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் இறங்கும். சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றிலுள்ள நொதி இன்சுலினைச் சிதைத்து, அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஏசிடிஎச் (அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோன்) என்றால் இடிடிஏ (இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாய், உடனே பனிக்கட்டி. எடுத்த நேரம், பிரித்த நேரம், உறையவைத்த நேரம் மூன்றும் பதிவில் இருக்க வேண்டும்.

பயோட்டினைக் கேட்காமல் விடுவது

பயோட்டின் ஒரு பி வைட்டமின். அதை உடல் மறுபடி பயன்படுத்த உதவும் பயோட்டினிடேஸ் நொதி குறைபாடுள்ள குழந்தைகள் அதைத் தினமும் எடுப்பவர்கள். பயோட்டினும் அதை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதமும் பிணைவதால் இயங்கும் பல பரிசோதனைகளில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகக் குறைந்தும் ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோன்) பொய்யாக உயர்ந்தும் வரும். இல்லாத ஹைப்பர்தைராய்டு நோய் (தைராய்டு மிகையாகச் சுரப்பது) தாளில் தோன்றிவிடும்.

ஒரே ஒரு தடவை எடுத்த வளர்ச்சி ஹார்மோன்

விட்டுவிட்டுச் சுரப்பது அது; ஒரு தடவை அளந்தால் எதையும் சொல்லாது. பச்சிளங்குழந்தை தவிர மற்றவர்களுக்குப் பயனில்லை.

ஒரே வழிகாட்டி

உங்களை வழிநடத்த நோயாளியைப் பார்ப்பவர் ஒருவர், ஆய்வகத்தில் நிற்பவர் ஒருவர். இருவரும் வேண்டும்.

இரத்த அளவைக் கடைசியில் கணக்கிடுவது

கிலோவுக்குச் சுமார் 80 மி.லி. என்றால் 10 கிலோ குழந்தையிடம் இருப்பது 800 மி.லி. ஆய்வுக்காக ஒரே வேளையில் 1 சதவீதம், நான்கு வாரங்களில் 3 சதவீதம் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதலின் வரம்பு: அதாவது 8 மி.லி., 24 மி.லி. தடவைக்கு 2 மி.லி. வீதம் ஆறு தடவை எடுக்கும் குளுக்கோஸ் சோதனைக்கே 12 மி.லி. வேண்டும்; ஒரே வேளைக்கான 8 மி.லி. வரம்பைத் தாண்டிவிடும். எத்தனை மைக்ரோலிட்டரில் அளக்க முடியும் என்று ஆய்வகத்திடம் கேட்டபிறகே திட்டத்தை எழுதுங்கள்.