கிராம சபையில் குடிநீர்க் குறையை முன்வைப்பது எப்படி?

தருமபுரி நகராட்சியின் மன்றக் கூட்டத்தில் பேசும் உரிமை உறுப்பினர்களுக்கே உரியது என்பதால், நகரவாசிகள் தம் வார்டு உறுப்பினர் வழியாகவோ, வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபையிலோதான் குறையைச் சொல்ல முடியும். ஊராட்சியில் வசிப்போருக்கு இந்தத் தடை இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் கிராம சபையில் எழுந்து பேசலாம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கூட்ட நாள்கள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேராவது வந்திருக்க வேண்டும் என்பதால், அண்டை வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள்.

"தண்ணியே வர்றதில்லைங்க" என்று பொதுவாகச் சொன்னால், "பார்க்கிறோம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எந்தத் தெருவுக்கு, எந்தத் தேதியிலிருந்து வரவில்லை, எத்தனை வீட்டார் புளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்க நேர்கிறது என்பதை ஒரே தாளில் எழுதி, தெருவாசிகளின் கையெழுத்துடன் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவரிடம் கொடுங்கள். நகலில் ஒப்புகை பெற மறவாதீர்கள்.

பேசுவதைவிட முக்கியமானது, கோரிக்கை தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறுவதுதான். பலர் உணவு வேளை நெருங்கியதும் வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் (இது நம் ஊர்களின் பழைய வழக்கம்). எழுதியதை ஊராட்சிச் செயலர் உரக்க வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

பின்னரும் அசைவில்லையெனில், தீர்மானத்தின் நகலுடன் வட்டார வளர்ச்சி அலுவலரையும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தையும் அணுகலாம்.