நமக்கு நாமே கோச்: ஒரு நோட்டு, ஒரு பேனா, அரை மணி நேரம்

ஜூலை மாசம் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாத்திருக்கீங்களா? 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதி 3பின்னு ரெண்டு ஜிஎஸ்டி ரிட்டர்ன், வழக்கமா 31ஆம் தேதி இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன், நடுவுல ஒவ்வொரு கிளையன்ட்டா "மேடம் நம்மளது முடிஞ்சுதுங்களா"ன்னு வாய்ஸ் நோட். அப்படி ஒரு ஜூலைல ராத்திரி பதினோரு மணிக்கு அடுப்புல பால வச்சுட்டு பக்கத்துலயே நின்னேன், பால் பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சு போச்சு, நான் பாத்துட்டே தான் இருந்தேன், ஆனா கண்ணுல படல. அதுக்கப்புறம் தான் இந்த செல்ஃப் கோச்சிங்க ஒழுங்கா ஆரம்பிச்சேன்.

இது மோட்டிவேஷன் கிடையாதுங்க. கண்ணாடி முன்னாடி நின்னு "என்னால முடியும்"னு சொல்றதும் கிடையாது. அட்வைஸ் பண்ண நமக்கு ஆளா இல்ல, சொந்தக்காரங்களே போதும். கோச்சோட வேலை கேள்வி கேக்குறதும், பதில் வர்ற வரைக்கும் வாய மூடிட்டு இருக்குறதும் தான். அத நமக்கு நாமே செய்யறோம்.

வேண்டியது நாப்பது பக்க நோட்டு, பேனா. போன் வேற ரூம்ல இருக்கட்டும். நானும் போன்ல டைப் பண்ணி பாத்தேன், ஆப்ப திறக்குறதுக்குள்ள மூணு நோட்டிஃபிகேஷன், அப்புறம் புடவை ரீல்ஸ், அவ்ளோதான்.

ஸ்டெப் 1: மண்டைல இருக்குறத கொட்டுங்க

பத்து நிமிஷம். வரிசை வேணாம், அழகா எழுத வேணாம். கேஸ் புக் பண்ணணும், பையன் பீஸ், மிக்ஸி வாஷர், மாமியார் கோவமா இருக்காங்களோ, எல்லாம் வரட்டும். படுத்தா தூக்கம் வராதவங்க இத ராத்திரி செய்யுங்க. 2018ல அமெரிக்காவுல பேய்லர் யுனிவர்சிட்டில 57 பேர வச்சு ஒரு ஸ்டடி பண்ணாங்க. படுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் இனிமே செய்ய வேண்டிய வேலைய எழுதினவங்க, முடிச்ச வேலைய எழுதினவங்கள விட சராசரியா ஒரு 9 நிமிஷம் சீக்கிரமா தூங்கிட்டாங்க.

ஸ்டெப் 2: இது யாரோட தலைவலி?

ஒவ்வொரு வரிக்கு பக்கத்துலயும் ஒரு எழுத்து. 'எ'ன்னா என்னோடது, 'ம'ன்னா மத்தவங்க என் தலைல கட்டினது, 'ப'ன்னா வெறும் பயம். என் லிஸ்ட்ல 34 வரி இருந்துச்சு, அதுல 19 'ம'. 'அம்மாக்கு கண் டெஸ்ட்' 31ஆவது வரில, மிக்ஸி வாஷருக்கும் கீழ கெடந்துச்சு. எது சத்தம் போடுதோ அதத்தான் முதல்ல எழுதியிருக்கேன், அம்மா சத்தம் போடல.

'எ' போட்டதுல ஒண்ணே ஒண்ணு எடுங்க. ரெண்டு எடுத்தா ரெண்டும் நடக்காது.

ஸ்டெப் 3: நாலு கேள்வி

என்ன வேணும், இப்ப நெலமை என்ன, என்னென்ன வழி இருக்கு, எத எப்ப செய்யப்போற. இதுக்கு க்ரோ மாடல்னு பேரு, 1980கள்ல இங்கிலாந்துல உருவானது, அத பரப்புன ஜான் விட்மோர் முன்னாடி கார் ரேஸ் ஓட்டினவரு. கேள்விய உங்க பேரச் சொல்லி கேளுங்க, 'நான்' வேணாம். மிச்சிகன் யுனிவர்சிட்டில ஈதன் கிராஸ்ங்கற சைக்காலஜிஸ்ட் இத சோதிச்சு 2014ல எழுதினாரு, பேரச் சொல்லி பேசிக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கறோம், பதட்டம் கொறையுது.

என் நோட்டுல இருந்து அப்படியே:

கவிதா, என்ன வேணும்? அம்மாக்கு கண்ணு சரியாகணும்.
அது உன் கைல இல்லயே, உன் கைல இருக்குறது எது? இந்த மாசத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டணும்.
இப்ப நெலமை? மூணு மாசமா சொல்றாங்க. சீரியல்ல யாரு பேசறாங்கன்னு குரல வச்சு தான் கண்டுபிடிக்கறாங்க.
ஏன் போகல? டைம் இல்ல.
நிஜமாவா?

இந்த இடத்துல ரெண்டு நிமிஷம் பேனா ஓடல. அப்புறம் எழுதினேன்: ஆபரேஷன்னு சொல்லிட்டா லீவுக்கும் பணத்துக்கும் எங்க போறதுன்னு பயம்.

இந்த "நிஜமாவா"வ விட்டுடாதீங்க, 'டைம் இல்ல'ங்கறது முதல்ல வர்ற பதில், அதுக்கு அடில ஒண்ணு இருக்கும். வழி எழுதும்போதும் அப்படித்தான், அஞ்சாவது எழுதணும். எனக்கு முதல் மூணும் லீவு சம்பந்தப்பட்டது, நாலாவது தம்பி, அஞ்சாவது தான் சனிக்கிழமை காலைல முதல் டோக்கன்.

ஸ்டெப் 4: எப்ப, எங்க

'சீக்கிரம் போகணும்'னு எழுதினா போக மாட்டோம். "இது நடந்ததும் இத செய்வேன்"னு எழுதுங்க. பீட்டர் கோல்விட்சர்ங்கற சைக்காலஜிஸ்ட் பல வருஷமா இத ஆராய்ச்சி பண்ணவரு, இப்படி முடிச்சு போட்டு வச்சா செய்யற வாய்ப்பு கூடுதுன்னு காட்டினாரு. நான் எழுதினது: "வியாழக்கிழமை மத்தியானம் டிபன் பாக்ஸ மூடினதும், சேர விட்டு எந்திரிக்காம ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுவேன்."

ஸ்டெப் 5: 'ம' லிஸ்ட்ட என்ன பண்றது

"பாக்கறேங்க"ன்னு சொல்றத நிறுத்துங்க. அது ஆமாவும் இல்ல, இல்லயும் இல்ல, அதனால தான் கிளையன்ட் நாலு தடவ போன் பண்றாரு. "சார், திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு உங்க ஃபைல எடுக்கறேன்"னு நேரத்தோட சொன்னா பாதி பேரு அதுவரைக்கும் கூப்பிடறதில்ல. மீதி பாதி கூப்பிடுவாங்க, அதுக்கு எந்த மாடலும் இல்ல.

நடுவுல ஒண்ணு. வாரக்கணக்கா தூக்கமோ சாப்பாடோ ஒழுங்கா இல்ல, எதுவுமே வேணாம்னு தோணுதுன்னா நோட்ட ஓரமா வச்சுட்டு டாக்டர பாருங்க. மனநல உதவிக்கு 14416ன்னு டெலி மானஸ் நம்பர் இருக்கு, கவர்மென்ட்டோடது, காசு கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்கும் தமிழ்ல பேசலாம்.

ஸ்டெப் 6: ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம்

என்ன நடந்துச்சு, என்ன நடக்கல, ஏன். திட்டாதீங்க, கணக்கு எழுதற மாதிரி எழுதுங்க.

எனக்கு வியாழக்கிழமை போன் பண்ண முடியல, டிபன் பாக்ஸ மூடினதும் ஆடிட்டர் சார் கூப்பிட்டுட்டாரு. வெள்ளிக்கிழமை பாக்ஸ திறக்கறதுக்கு முன்னாடியே பண்ணிட்டேன். அம்மாக்கு ஒரு கண்ணுல புரை ஆரம்பம், இப்போதைக்கு கண்ணாடி பவர் மாத்தினா போதும்னு சொல்லிட்டாங்க. புது கண்ணாடி போட்டுட்டு முதல் வேலையா என் முகத்த பாத்து "ஏண்டி இவ்ளோ கருவளையம்"னாங்க. மிக்ஸி வாஷர் இன்னும் மாத்தல.